நாராயணப்பனின் நூறு

ஒருவர் கையைத் தூக்குவதைப் பார்த்தாலே அது என்ன வேகம் என்று நாராயணப்பன் சொல்லிவிடுவார். எழுபது என்பார். கடிகாரத்தை அழுத்திக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எழுபத்தொன்று வரும். ஓசூர் சிப்காட்டில் கியர் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருஷமாக அவருக்கு இதுதான் வேலை. சராசரி ஆள் ஒருத்தன், சொல்லிக்கொடுத்தபடி, ஷிப்டு முடிகிறவரை தாங்குகிற மாதிரி வேலை செய்தால் அந்த வேகத்துக்குப் பெயர் நூறு. ஏனோதானோ என்று செய்கிறவன் அறுபது. சங்கு ஊதுவதற்குள் முடித்துவிடத் துடிக்கிறவன் நூற்றுமுப்பது. கையில் ஒரு பலகை, பலகையின் மூலையில் பதித்த நிறுத்துக் கடிகாரம், அதற்குக் கீழே ஒரு படிவம். இவற்றோடு அவர் ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றால், அந்த மெஷினில் ஷிப்டுக்கு இத்தனை உருப்படி என்ற எண் மாறப்போகிறது என்று அர்த்தம். மாறினால் ஏறும். இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

தொழிலாளர்கள் நேரில் அவரை வாட்ச் சார் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னது வேறு.

இந்தக் கண் வீட்டிலும் ஓயாது. கல்யாணமான புதிதில், காவேரி தேங்காய் துருவிக்கொண்டிருந்ததைப் பார்த்து வாய் தவறி 'எண்பத்தஞ்சு' என்று சொல்லிவிட்டார். அவள் ஒரு வாரம் தேங்காயே போடாமல் சமைத்தாள். அதன் பிறகு எண்களை அவர் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மூக்கண்டப்பள்ளி வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படிப்பட்டவருக்கு எண்பத்தொன்பதாம் வருஷம் சித்திரை வெயிலில் இடது கால் தேய ஆரம்பித்தது. செருப்பின் குதிகால் ஒரு பக்கம் மட்டும் கரைந்தது. பிறகு இடது கண்ணில் நிறம் வெளுத்தது. கம்பெனி வாசலில் 'பாதுகாப்பே முதல்' என்று சிவப்பில் எழுதிய பலகை, அவர் வேகமாக நடந்து போய்ச் சேரும்போது செங்கல் நிறத்தில் இருந்தது. நிழலில் பத்து நிமிஷம் நின்றதும் மறுபடி சிவப்பானது. பெயின்டில் ஏதோ கோளாறு என்று ஸ்டோர்ஸுக்கு ஒரு புகார்கூட எழுதினார்.

கோளாறு பெயின்டில் இல்லை என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். மூளையிலும் முதுகுத்தண்டிலும் ஓடுகிற நரம்புகளுக்கு மேலே ஒயருக்கு இருப்பது போல உறை இருக்கிறதாம். அது அங்கங்கே உரிந்துபோகிறதாம். உடம்பு சூடேறினால் உரிந்த இடத்தில் கரண்ட் தடுமாறும், ஆறினால் மறுபடி ஓடும். ஏன் உரிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மெஷின் ஷாப்பில் பதினான்கு வருஷம் இருந்தவருக்கு இது ஒரு நொடியில் புரிந்தது. புரிந்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அங்கே இரண்டு டாக்டர்கள். பெரியவர், இனி உடம்பை அலட்டவே கூடாது, படிக்கட்டு ஏறுவதைக்கூடக் குறைக்க வேண்டும், முழு ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் போனதும் சின்னவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். படுத்தால் தசை மறந்துபோகும், தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள், ஆனால் உங்கள் முழு சக்தியில் பாதிக்கு மேல் போகாதீர்கள், உடம்பு சூடாகும் முன்னால் நிறுத்திவிடுங்கள் என்று அவரும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரே அறை, ஒரே மேஜை, இரண்டு காகிதம். ஓசூர் பஸ்ஸில் வரும்போது இடது பையில் ஒன்றும் வலது பையில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு வந்தார்.

அவருக்குப் பாதி என்று எழுதிய காகிதம்தான் வேண்டியிருந்தது. காரணம் கம்பெனியின் காலை டிரில்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டைரக்டர் ஜப்பான் போய் ஒரு கேசட்டோடு திரும்பி வந்திருந்தார். அன்று முதல் காலை ஆறு ஐம்பதுக்கு ஒலிபெருக்கியில் பியானோ சத்தம் கேட்கும். கேன்டீன் முன்னால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். மேனேஜரிலிருந்து தோட்டக்காரர் வரை பத்து நிமிஷத்தில் பதினைந்து வகைப் பயிற்சி. ஜப்பான்காரன் ஒருவன் எட்டு வரை எண்ணுவான். என்ன எண்ணுகிறான் என்று தெரியாமலே எண்ணூறு பேர் கை தூக்குவார்கள். முப்பது நாள் சேர்ந்தாற்போல டிரில் செய்யாதவரை மெடிக்கல் போர்டுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி. போர்டுக்கு இதுவரை ஐந்து பேர் போயிருந்தார்கள். ஐந்து பேருக்கும் உடல்தகுதி இல்லை என்று முடிவாகி, மாலை போட்டு, ஆளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். நாராயணப்பன் முழு டிரில் செய்தால் விழுவார். ஓய்வுக் காகிதத்தைக் கொடுத்தால் சுவர்க்கடிகாரம். வாழ்நாள் முழுக்கக் கடிகாரம் பார்த்தவர் கடைசியில் அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதா? வயது முப்பத்தெட்டு. வேறு எந்த வேலையும் தெரியாது. வேகத்தைக் கண்ணால் அளக்கிறவனை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்?

பர்சனல் ஆபீசர் ஜெயமணி மேடம் சின்ன டாக்டரின் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. நல்ல மனசு, ஆனால் காகிதத்துக்குக் காகிதம் தைக்காமல் எதையும் நம்பாதவள். அஞ்சு நிமிஷம் செஞ்சிட்டு உட்கார்ந்துக்கிடுங்க, முடிஞ்சுபோச்சு என்று முதலில் சொன்னாள். உடனே அவள் முகம் மாறியது. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். கம்பெனியில் யார் எந்த வேலையை எத்தனை சதவீதம் செய்யலாம் என்று பதிவு செய்கிற ஏழாம் எண் படிவம். அதன் அடியில் ஒரு வரி இருந்தது: நூறு எது என்று அளந்து நிறுவாமல் எந்தச் சதவீதமும் எழுதக் கூடாது. அதற்குக் கீழே கையெழுத்து. நாராயணப்பனுடையதுதான். எழுபத்தெட்டாம் வருஷம் அவரே வரைந்த படிவம்.

"உங்க நூறு என்னன்னு தெரியாம நான் அம்பது எப்படி சார் போடுவேன்?" என்றாள்.

அவள் கேட்டது சரி என்று அவருக்கே பட்டதுதான் கொடுமை. வேறு யாராவது அப்படிப் பாதி என்று எழுதி நீட்டியிருந்தால் எதில் பாதி என்று அவரும் கேட்டிருப்பார்.

விஷயம் கமிட்டிக்குப் போனது. பேக்டரி மேனேஜர், ஜெயமணி, யூனியன் செயலாளர் மாரிசாமி, நாராயணப்பன், மேஜை நடுவே ஒரு தட்டு பிஸ்கட். முழு சக்தியில் பாதி என்று டாக்டர் எழுதியிருக்கிறார். முழு சக்தி எவ்வளவு என்று அளக்க அவர் முழு சக்தியோடு செய்து காட்ட வேண்டும். முழு சக்தியோடு செய்யக் கூடாது என்று அதே டாக்டர் அதே காகிதத்தில் எழுதியிருக்கிறார். இதை நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். எப்படிச் சொன்னாலும் அப்படியேதான் இருந்தது.

பதினைந்து வகையில் ஏழரை வகை செய்யட்டும் என்றார் மேனேஜர். அரை வகையை எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பாதி உயரத்துக்குத் தூக்கட்டும் என்றாள் ஜெயமணி. குதிப்பதில் பாதி எப்படி, மேலே போனவர் பாதியில் நிற்பாரா என்று மாரிசாமி கேட்டான். உடம்பில் பாதி, வலது பக்கம் மட்டும் செய்யட்டும் என்பது அவனுடைய யோசனை. அதையும் கொஞ்ச நேரம் பரிசீலித்தார்கள். கடைசியில் மேனேஜர், ஒரே ஒரு தரம் முழுசாகச் செய்துவிடட்டும், கேன்டீன் வேனைப் பக்கத்தில் நிறுத்திவைப்போம், விழுந்தால் தூக்கிக்கொண்டு போகலாம், அப்புறம் ஆயுசு முழுக்கப் பாதி செய்யட்டும் என்றார். நாராயணப்பன் வாயைத் திறந்து சரி என்று சொல்லவிருந்தார். இதில் ஒரு ஒழுங்கு இருந்தது.

மாரிசாமி பிஸ்கட்டைக் கீழே வைத்தான். பத்து வருஷமாக அவருடைய அளவுகளை எதிர்த்துக் கம்பெனி கேட்டில் கோஷம் போட்டவன் அவன். வேலை அளக்கும் துறையின் கையேட்டை அவரைவிட நன்றாகப் படித்திருந்தான். அளக்க வேண்டிய ஆள் வேலைக்கு ஆகாத நிலையில் இருந்தால், அதே வயசு, அதே எடை, அதே அனுபவம் உள்ள வேறு ஆளை வைத்து அளக்கலாம் என்று அதில் இருக்கிறது என்றான். இருந்தது. பக்கம் நாற்பத்தொன்று.

வயசு முப்பத்தெட்டு, எடை ஐம்பத்தெட்டு கிலோ. எண்ணூறு பேரின் ஹெல்த் கார்டுகளையும் புரட்டியதில் ஒரே ஒருவன்தான் பொருந்தினான். லேத்தில் வேலை செய்கிற திம்மப்பன்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நாராயணப்பனுக்கு எண்பத்தொன்றாம் வருஷம் ஞாபகம் வந்தது. திம்மப்பன் அப்போது ஷிப்டுக்கு நாற்பத்திரண்டு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தான். இவர் பலகையோடு போய் நின்றார். அவன் ஒவ்வொரு ஷாஃப்டையும் இரண்டு தரம் துடைத்தான், டிராயிங்கை மூன்று தரம் பார்த்தான், சும்மா இருந்த டூலைக் கழற்றித் திரும்ப மாட்டினான். கடிகாரத்துக்கு முன்னால் மெதுவாகச் செய்வதில் அவனை மிஞ்ச சிப்காட்டிலேயே ஆள் இல்லை என்பார்கள். இவர் சிரித்துக்கொண்டே அறுபது என்று எழுதினார். இதுதான் சார் என் நூறு என்று அவன் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னான். நாற்பத்திரண்டு எழுபதானது. அதன் பிறகு எட்டு வருஷமாகத் தினமும் எழுபது கடைகிறான்.

இப்போது அந்தத் திம்மப்பன்தான் நாராயணப்பனின் முழு சக்தி.

அளவு எடுக்க ஒரு வாரம் இருந்தது. தன்னுடைய எண் என்ன என்று யாருக்கும் தெரியாமல் அவர் வீட்டுக் கொல்லையில் சோதித்துப் பார்த்தார். காவேரியின் சிவப்புச் சேலையைக் கொடியில் காயப்போட்டு, அதைப் பார்த்துக்கொண்டே டிரில் செய்வார். சிவப்பு செங்கல் நிறமானால் நிறுத்திவிடுவார். நூறில் செய்தால் மூன்றாவது வகையிலேயே சேலை வெளுத்தது, இடது முழங்கால் யாரோ பின்னாலிருந்து தட்டியதுபோல மடங்கியது. ஐம்பதில் ஆறாவது வரை தாங்கியது. இருபதில் மட்டும் பதினைந்தும் முடிந்தது, சேலையும் சேலையாகவே இருந்தது. அதோடு, அப்படிச் செய்த நாட்களில் கால் லேசாகவும் இருந்தது. ஒருநாள் பெரிய டாக்டர் சொன்னபடி ஒன்றுமே செய்யாமல் இருந்து பார்த்தார். மறுநாள் காலையில் கால் கட்டையாக விறைத்துக் கிடந்தது.

ஈரத் துண்டை அவர் கழுத்தில் போட்டுவிட்டு, எத்தனை என்று காவேரி கேட்டாள். இருபது என்றார். என்னைவிட அறுபத்தஞ்சு கம்மி என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பதினோரு வருஷம் அதை மனசிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

புதன்கிழமை மூன்றரை மணி, கேன்டீன் முன்னால். திம்மப்பன் நின்றான். அவனுக்கு எதிரே நாராயணப்பன் பலகையைப் பிடித்தபடி நின்றார். பதினாலு வருஷமா நீங்க புடிச்சீங்க, இன்னிக்கு ஒரு நாள் நான் புடிக்கிறேன் என்று மாரிசாமி கடிகாரத்தை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டான். ஷிப்டு முடிந்த ஆட்கள் வீட்டுக்குப் போகாமல் சுவரோரமாக நின்றார்கள். வாட்ச் சாரை அளக்கிறார்கள் என்று செய்தி பரவியிருந்தது. கேசட் போட்டார்கள்.

திம்மப்பன் உள்ளங்கைகளைப் பேண்ட்டில் துடைத்தான். வலது கையைத் தூக்கும் முன் அதை ஒருமுறை பார்த்தான், அனுமதி கேட்பதுபோல. தூக்கினான். ஜப்பான்காரன் எட்டு எண்ணி முடித்து அடுத்த வகைக்குப் போய்விட்டான், திம்மப்பன் மூன்றாவது எண்ணில்தான் இருந்தான். ஒன்பதாவது வகை உட்கார்ந்து எழுவது. அவன் கீழே போனான். போன இடத்தில் தரையை உற்றுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி எழுந்தான். சுவரோரம் சிரிப்பு கிளம்பியது. கேசட் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டார்கள், அதுவும் முடிந்தது. மூன்றாவது தடவை பாதி ஓடியபோது திம்மப்பன் கடைசி வகையின் மூச்சை இழுத்துவிட்டுக் கைகளைத் தொங்கப்போட்டான்.

இருபத்தைந்து நிமிஷம் என்றான் மாரிசாமி.

பத்து நிமிஷ டிரில். நாராயணப்பனின் கண்ணுக்குள் எண் எப்போதோ எழுந்துவிட்டது. நாற்பது. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது: பார்க்கப்பட்ட ஆளின் வேகம். அங்கே நாற்பது என்று எழுதினால், நூறு என்பது பத்து நிமிஷ டிரில் என்றாகும். அதில் பாதி ஐம்பது. ஐம்பதில் அவர் ஆறாவது வகையில் விழுவார், பிறகு போர்டு, பிறகு மாலை. நூறு என்று எழுதினால் திம்மப்பன் செய்ததுதான் முழுசு என்றாகும். அதில் பாதி, அவருடைய கண்ணின் கணக்கில், இருபது.

பதினான்கு வருஷத்தில் தன் கண் சொன்னதைத் தவிர வேறு எதையும் அவர் அந்தக் கட்டத்தில் எழுதியதில்லை. லஞ்சமாக வந்த பலாப்பழத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். சொந்த மச்சினனுக்கே ஐம்பத்தைந்து போட்டிருக்கிறார். பேனாவைத் திறந்தபடி நின்றார். மாந்தோப்புப் பக்கமிருந்து ஒரு லாரி கிருஷ்ணகிரி ரோட்டில் ஏறுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. ஜெயமணி முத்திரையை மையில் ஒற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மை காய்ந்து, மறுபடி ஒற்றினாள்.

அவர் நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. மாரிசாமி எட்டிப் பார்த்தான், பிறகு அவர் முகத்தைப் பார்த்தான், கடிகாரத்தைப் பலகையில் பொருத்திக் கொடுத்தான். முத்திரை விழுந்தது. படிவம் கோப்பில் ஏறியது. திம்மப்பனின் பாதி வேகத்தில், நாராயணப்பன் இனி தினமும் ஐம்பது நிமிஷம் டிரில் செய்ய வேண்டும். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் முடித்து மெஷினுக்குப் போன பிறகும் நாற்பது நிமிஷம் அவர் தனியாகத் தொடர வேண்டும். அந்த நேரமும் வேலை நேரமே என்று யூனியன் எழுதி வாங்கிக்கொண்டது.

கூட்டம் கலைந்ததும் குழாயடியில் திம்மப்பன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நாராயணப்பன் பக்கத்தில் போய் நின்றார்.

"திம்மப்பா, எண்பத்தொண்ணுல நீ வேணும்னுதானே மெதுவா செஞ்ச?"

"வேணும்னேதான் சார்," என்று அவன் சிரித்தான். "ஷாப்பே கூடி எனக்கு ரெண்டு நாள் டிரெயினிங் கொடுத்துச்சு. நீங்க சரியா அறுபது போட்டீங்க. மனுஷன் கில்லாடிதான்னு அன்னிக்கே நெனச்சேன்."

"இன்னிக்கு அதைவிட இறக்கிட்டியே. நாப்பது."

திம்மப்பன் குழாயை மூடினான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இன்னிக்கு நெசமா செஞ்சேன் சார். மாரிசாமி மெதுவா செய்யின்னுதான் சொல்லி அனுப்புனாரு. அதுக்கும் கீழ இறக்க என்ன இருக்கு? முட்டி ரெண்டும் போயி நாலு வருஷமாச்சு. எழுபது உருப்படிக்கு எழுபது வாட்டி குனிஞ்சு தூக்கணும்ல. காலையில டிரில்லுல தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு வெறுங்கைய மட்டும் ஆட்டிட்டு வந்துருவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வெளிய சொல்லிறாதீங்க. எனக்கும் கடிகாரம் கொடுத்துருவாங்க."

அவன் தொடையில் கையை ஊன்றி நிமிர்ந்து நடந்தான். அவன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும்வரை நாராயணப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். பொய் என்று நினைத்து எழுதிய எண் சரியாகத்தான் இருந்திருக்கிறது. சரி என்று நினைத்து எழுதியவை எத்தனை என்று நினைக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்குப் பியானோ ஒலித்தது. அவர் முன்வரிசையை விட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார். அங்கே திம்மப்பன் இருந்தான். அவன் ஒரு அடி நகர்ந்து இடம் விட்டான். ஏழு மணிக்கு எல்லோரும் போனார்கள், அவனும் போனான். கேசட் நின்றது. அதன் பிறகு எண்ணுவதற்கு யாரும் இல்லாததால் நாராயணப்பன் தானே எண்ணிக்கொண்டார். உள்ளே மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. சட்டைக்குள் காவேரி சுற்றிவிட்ட ஈரத்துண்டு சில்லென்று இருந்தது.

ஏழே முக்கால் சங்குக்கு ஆபீஸ் ஆட்களை இறக்கிவிட்டு, கம்பெனி பஸ் கேட்டை நோக்கித் திரும்பியது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் கையை உயர்த்தி நிற்பதைப் பார்த்து டிரைவர் ஆஞ்சப்பன் பிரேக் போட்டான். கதவைத் திறந்தான்.

"ஏறுங்க சார். மூக்கண்டப்பள்ளி வழியாத்தான் போறேன்."

கடைசி வகை. மூச்சை இழுத்துக் கையைத் தூக்குவது. ஐந்து எண்ணியிருந்தார். கையை இறக்க முடியாது.

"ஏறலப்பா. எட்டு முடியல," என்றார்.

ஆஞ்சப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு பெரிய மனுஷர் கையைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது வண்டியை எடுப்பது மரியாதை இல்லை என்று என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நாராயணப்பன் கையைத் தூக்கியபடியே வாசல் பக்கம் பார்த்தார். பாதுகாப்பே முதல். சிவப்பாகத்தான் இருந்தது. ஆறு என்றார்.